மேல பாலிசி மாறிடுச்சு, டிபார்ட்மெண்ட் விதி பழசாவே இருக்கு. இப்ப யாரை எந்த ரூல்ல மதிப்பிடுறது?

வெண்பலகை:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு பதில் போடுங்க. எங்க யுனிவர்சிட்டில ப்ரமோஷன் பாலிசிய மொத்தமா மாத்திட்டாங்க. இதுவரைக்கும் டீச்சிங், ரிசர்ச், நிர்வாக வேலை மூணுக்கும் எவ்வளவு வெயிட்டேஜ்னு துறையே பேசி முடிவு பண்ணி எழுதி வச்சிருந்தோம். எங்க துறை விதி சில பக்கம்தான், ஆனா மதிப்பீட்டு கமிட்டில யார் உட்காரலாம், யாருக்கு ஓட்டு, துறைத் தலைவரை எப்படி தேர்ந்தெடுக்குறதுனு எல்லாமே அதுல இருக்கு. இப்ப வந்த சர்குலர்ல "துறை விதிகள் புதிய கொள்கைக்கு இசைவாகத் திருத்தப்பட வேண்டும்"னு ஒரே வரி. எப்பலேர்ந்து, யார் யாருக்கு, திருத்தாம விட்டா என்ன ஆகும், எதுவும் சொல்லல.

அடுத்த சுத்துல ப்ரமோஷனுக்கு ரெண்டு பேர் போறாங்க. வேலைல சேர்ந்தப்ப கையில கொடுத்த விதிய நம்பி இத்தனை வருஷம் உழைச்சவங்க. அதுல ஒருத்தர் பாடத்திட்டத்த புதுசா எழுதுறது, லேப் மேனுவல் போடுறது, பின்தங்கின பசங்கள தனியா உட்கார வச்சு சொல்லிக் கொடுக்குறதுனு டீச்சிங் பக்கமே நின்னவர், அப்ப அதுக்கு நல்ல வெயிட்டேஜ் இருந்துச்சு, புது பாலிசில அது பாதியா கொறைஞ்சு போச்சு. அவரை புது அளவுகோல்ல நிறுத்துறது நியாயமா? அதோட தலைவர் பதவியும் இனிமே தேர்தல் இல்ல, டீன் நியமிப்பார்ங்கிறாங்க. துறைக்குனு என்னதான் மிச்சம் இருக்கு?

பழைய_செயலர்:
கல்விக்குழு வேலைய ரொம்ப காலம் பார்த்தவன்ங்கிறதால சொல்றேன். முதல்ல அந்த சர்குலர் எந்த அதிகாரத்துல வந்திருக்குனு பாருங்க. சட்டம், அதுக்கு கீழ ஸ்டாட்யூட், ஆர்டினன்ஸ், ரெகுலேஷன், எல்லாத்துக்கும் கீழதான் துறை விதி. பேர் ஊருக்கு ஊர் மாறும், அடுக்கு இதுதான். மேல இருக்கிறதோட மோதுனா கீழ இருக்கிறது செல்லாது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா மேல இருக்கிறது வாயே திறக்காத இடத்துல உங்க பழைய விதி உயிரோடதான் இருக்கு. நிறைய துறைங்க கோட்டை விடுறது இங்கதான், புது பாலிசி வந்துடுச்சு எல்லாம் போச்சுனு பழச தூக்கி ஓரமா வச்சுடுவாங்க, ஆபீஸ்லேர்ந்து ஒரு மாதிரி விதி வரும், அதுல பேரை மட்டும் நிரப்பி கையெழுத்து போட்டு அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் உட்கார்ந்து வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்.

நீங்க பண்ண வேண்டியது இது. பழைய விதிய வரி வரியா எடுங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல மூணுல ஒண்ணு எழுதுங்க: மேல சொன்னதோட மோதுது, மேல இதப் பத்தி பேச்சே இல்ல, இல்லேன்னா மேல பொதுவா சொல்லிட்டாங்க நாமதான் விவரிக்கணும். மோதுற வரி நீங்க நினைக்கிறத விட கம்மியாத்தான் தேறும். மூணாவது வகைதான் உங்க கை ஓங்குற இடம். "தரமான ஆய்வு"னு பாலிசி சொல்லும், உங்க பாடத்துல தரமானதுனா எதுனு துறைதானே சொல்லணும்.

நுண்கணிதம்:
சார் சொன்னது சரி, ஆனா துறை விதினா ஏதோ கோயில் மாதிரி பேசுறத நான் ஒத்துக்க மாட்டேன். துறை சுயாட்சிங்கிறது பல இடத்துல நாலு சீனியரோட சுயாட்சிதான். நான் முன்னாடி இருந்த துறைல மதிப்பீட்டு கமிட்டிக்கு எழுதின விதியே கிடையாது, "வழக்கம்"னு ஒண்ணு இருந்துச்சு, வழக்கம் என்னனு அந்த நாலு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் ஃபைல் ஏன் திரும்பி வந்துச்சுனு காரணமே எழுத மாட்டாங்க. மேலேர்ந்து பாலிசி வந்து வெளி நிபுணர் கருத்து கட்டாயம், மறுத்தா காரணம் எழுத்துல கட்டாயம்னு சொன்ன பிறகுதான் ஜூனியர்ஸ் மூச்சு விட்டாங்க. அதனால எந்த மாற்றம் யாருக்கு பாதுகாப்பு கொடுக்குதுனு பிரிச்சு பாருங்க, மொத்தமா எதிர்க்காதீங்க.

வெண்பலகை:
நியாயமான பேச்சு. காரணத்த எழுத்துல கொடுக்கணும்ங்கிறது எங்க புது பாலிசிலயும் இருக்கு, அத நான் வரவேற்கிறேன். என் கவலை நடுவுல மாட்டிக்கிட்ட அந்த ரெண்டு பேர்தான்.

கல்வெட்டு:
நடுவுல மாட்டுறவங்க பிரச்சனை உலகம் பூரா இருக்கு, அதுக்கு பதிலும் இருக்கு. தேதி போட்டு எழுதுறதுதான் பதில்.

இந்தியாவுலயே பாருங்க. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2010 ரெகுலேஷன்ல ஏபிஐ ஸ்கோர்னு கொண்டு வந்தாங்க, பேப்பருக்கு இத்தனை பாயிண்ட், செமினாருக்கு இத்தனைனு. ஆசிரியர்கள் எல்லாம் ஃபைலும் கையுமா பாயிண்ட் சேர்த்துக்கிட்டு அலைஞ்ச காலம் அது. 2018 ஜூலைல புது ரெகுலேஷன் வந்து ப்ரமோஷன் அளவுகோல மாத்துனப்ப, ஏற்கனவே தகுதி அடைஞ்சவங்க, சீக்கிரம் அடையப் போறவங்க கஷ்டப்படக் கூடாதுனு பழைய விதிலயே போகலாம்னு விருப்பத் தேர்வு கொடுத்தாங்க, அறிவிப்பு தேதிலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள அத பயன்படுத்திக்கணும்னு. அத்தனை பெரிய அமைப்பே மாறுறதுக்கு அவகாசம் கொடுக்குது, உங்க யுனிவர்சிட்டி ஏன் கொடுக்கக் கூடாதுனு தைரியமா கேளுங்க.

இன்னொரு உதாரணம் பிரிட்டன். 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்தப்ப பல்கலைக்கழக ஆசிரியர்களோட பணிப் பாதுகாப்ப எடுத்தாங்க, ஆட்குறைப்புனு சொல்லி வேலைய விட்டு அனுப்பலாம்னு ஆச்சு. 1987 நவம்பர் 20க்கு முன்னாடி நியமனம் ஆனவங்களுக்கு மட்டும் பழைய பாதுகாப்பு தொடர்ந்துச்சு. ஆனா அதுக்குள்ள ஒரு கண்ணி இருந்துச்சு: அந்த தேதிக்கப்புறம் ப்ரமோஷன் வாங்கினா நீங்க புது விதிக்குள்ள வந்துடுவீங்க. பதவி உயர்வு வேணுமா, பாதுகாப்பு வேணுமானு ஒரு மனுஷன உட்கார வச்சு யோசிக்க வைக்கிற நிலைமை. அதனால "பழைய விதி தொடரும்"னு எழுதினா மட்டும் போதாது, எது நடந்தா அது முடிவுக்கு வரும்னு சேர்த்து எழுதணும். ப்ரமோஷன், நீண்ட லீவு, வேற துறைக்கு மாறுறது, எல்லாத்தையும் யோசிச்சுக்கோங்க.

ஒப்பந்த_ஆசிரியை:
எல்லாரும் ப்ரமோஷன பத்தியே பேசுறீங்க. எங்கள மாதிரி கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு ப்ரமோஷனே கிடையாது, வருஷா வருஷம் புதுப்பிப்பாங்களா மாட்டாங்களாங்கிறதுதான் மதிப்பீடு. துறைக் கூட்டத்துல பின் வரிசைல உட்காரலாம், ஓட்டு கிடையாது. துறைல பாதிக்கு மேல வகுப்பு எடுக்கிறது நாங்க, பாடத்திட்டத்துக்கு கை தூக்குறப்ப மட்டும் எங்கள எண்ண மாட்டாங்க. விதிய திருத்த உட்காருறீங்கல்ல, இதையும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

ஸ்டூடண்ட் ஃபீட்பேக் விஷயமும் சொல்லியே ஆகணும். புது பாலிசில அதுக்கு வெயிட்டேஜ் ஏத்துறாங்க, எங்களுக்கு அது மட்டும்தான் அளவுகோல். வகுப்புல அறுபது பேர் இருக்காங்கனு வச்சுக்கோங்க, எட்டு பேர் ஃபார்ம் நிரப்புறாங்க. ஏழு பேர் அஞ்சுக்கு அஞ்சு போடுறாங்க, மார்க் கொறைஞ்ச கோவத்துல ஒருத்தர் மட்டும் ஒண்ணு போடுறார். சராசரி 4.5. துறை சராசரி 4.6னு இருந்தா ரிப்போர்ட்ல "துறை சராசரிக்குக் கீழ்"னு அச்சடிச்சு வரும். மீதி ஐம்பத்தி ரெண்டு பேர் என்ன நினைச்சாங்கனு யாருக்குமே தெரியாது. அந்த ஒரு வரிய வச்சுதான் அடுத்த வருஷம் எனக்கு வேலை இருக்கா இல்லையானு பேசுறாங்க.

கல்வெட்டு:
மேடம், இதுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கு. கனடால டொராண்டோல ரையர்சன் யுனிவர்சிட்டினு இருந்துச்சே, இப்ப பேர் மாறிடுச்சு, அங்க 2018ல நிர்வாகத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் நடுவுல நடந்த மத்தியஸ்தத்துல தீர்ப்பு வந்துச்சு. ப்ரமோஷனுக்கும் நிரந்தரப் பணிக்கும் கற்பிக்கிற திறமைய அளக்குறதுக்கு மாணவர் கருத்துப் படிவத்த பயன்படுத்தக் கூடாதுனு. வகுப்பு எப்படி இருந்துச்சுனு மாணவர் அனுபவத்த தெரிஞ்சுக்க அது உதவும், அத மறுக்கல. சராசரிய தூக்கிப் போட்டுட்டு எத்தனை பேர்ல எத்தனை பேர் என்ன போட்டாங்கனு விரிச்சுக் காட்டணும்னும் சொன்னாங்க. உங்க உதாரணத்துல "அறுபதுல எட்டு பேர் பதில், அதுல ஏழு பேர் முழு மதிப்பெண்"னு எழுதியிருந்தா படிக்கிறவங்க முடிவே வேற. இத துறை விதில எழுதுறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம், ரிப்போர்ட்ட எப்படி படிக்கணும்ங்கிறது மேல பேசாத விஷயம்.

முன்னாள்_தலைவர்:
தலைவர் நியமனம் பத்தி யாரும் இன்னும் பேசல, நான் ரெண்டு விதமாவும் இருந்து பார்த்தவன். முதல்ல துறை ஓட்டுல வந்தேன், அடுத்த தடவை நிர்வாகம் நியமிச்சு வந்தேன். வேலை அதேதான், ஆனா கூட்டத்துல நான் பேசுறத கேட்கிற விதம் மாறிடுச்சு. ஓட்டுல வந்தப்ப "நீங்க மேல போய் நமக்காகப் பேசுங்க"னு சொல்வாங்க, நியமனத்துல வந்தப்ப "மேல என்ன சொல்றாங்க"னு கேட்பாங்க.

இந்த நகர்வு பல நாட்டுல நடந்திருக்கு. ஜப்பான்ல ஆசிரியர் மன்றம்தான் பல விஷயத்த முடிவு பண்ணிக்கிட்டு இருந்துச்சு, 2014ல சட்டத்த திருத்தி 2015 ஏப்ரல்லேர்ந்து அது பல்கலைக்கழகத் தலைவருக்கு கருத்து சொல்ற அமைப்புனு ஆக்கிட்டாங்க. அமெரிக்கால விஸ்கான்சின் மாநிலத்துல நிரந்தரப் பணி உரிமை மாநில சட்டத்துலயே இருந்துச்சு, 2015ல அத சட்டத்துலேர்ந்து எடுத்து ஆட்சிக்குழு கொள்கைக்கு இறக்கிட்டாங்க. வாசகம் அப்படியே இருந்தாலும் பலம் அதே இல்ல, சட்டத்த மாத்த சட்டசபை கூடணும், கொள்கைய மாத்த குழு கூடினா போதும். செயலர் சார் சொன்ன அடுக்கு ஏன் முக்கியம்னு இதுல புரியும். எதிர் திசைலயும் உதாரணம் இருக்கு, ஜெர்மனில 1973ல அரசியல் சாசன நீதிமன்றம் ஆய்வு, பேராசிரியர் நியமனம் மாதிரி விஷயத்துல பேராசிரியர் குழுவுக்கு தீர்மானிக்கிற செல்வாக்கு இருந்தே ஆகணும்னு சொல்லிடுச்சு, ஆய்வுச் சுதந்திரத்தோட ஒரு பகுதியா அத பார்த்தாங்க.

வெண்பலகை, தலைவர் தேர்தல திரும்பக் கொண்டு வர முடியலேன்னாலும் ஒண்ணு செய்யலாம். அமெரிக்கால 1966 அறிக்கை ஒண்ணு இருக்கு, பேராசிரியர் சங்கம், கல்லூரி நிர்வாகங்களோட அமைப்பு, ஆட்சிக்குழுக்களோட அமைப்பு மூணும் சேர்ந்து உருவாக்கினது. தலைவர் துறைத் தேர்தல்ல வரலாம், இல்ல துறை உறுப்பினர்கள கலந்து பேசின பிறகு நியமனம் ஆகலாம்னு அதுல இருக்கு. அந்த "கலந்து பேசுறத" உங்க விதில விவரிச்சு எழுதுங்க: ரகசிய வாக்கெடுப்பு நடக்கும், முடிவு எழுத்துல டீனுக்குப் போகும், டீன் வேற பேரை நியமிச்சா துறைக் கூட்டத்துக்கு வந்து காரணம் சொல்லணும்னு. நியமிக்கிற அதிகாரத்துல நீங்க கை வைக்கல, அதனால மோதல் இல்ல.

அதவிட முக்கியம் வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கைய யார் எழுதுறாங்கங்கிறது. தலைவர் தனியா எழுதினா, அவர் நியமன தலைவராவும் இருந்தா, ஒரு ஆசிரியரோட எதிர்காலம் ஒரே கைல போயிடும். நானே எழுதியிருக்கேன், அந்த அதிகாரம் ஒருத்தர்கிட்ட இருக்கக் கூடாதுனு அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். துறை தேர்ந்தெடுத்த மூணு பேர் கமிட்டி எழுதட்டும், தலைவர் தன் கருத்த தனித் தாளா இணைக்கட்டும், ஆசிரியர் ரெண்டையும் படிச்சு பதில் எழுதின பிறகு ஃபைல் மேல போகட்டும்.

நுண்கணிதம்:
கமிட்டி யோசனை நல்லது. கூடவே ஒரு எச்சரிக்கை. அளவுகோல் எழுதுறப்ப ஏதாவது லிஸ்ட் பேரையோ இண்டெக்ஸ் பேரையோ துறை விதிக்குள்ள பதிச்சுடாதீங்க. யுஜிசி கேர்னு யுஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட லிஸ்ட், அதுல இருக்கிற ஜர்னல்ல வந்தாதான் செல்லும்னு எத்தனை இடத்துல எழுதி வச்சிருந்தாங்க, 2025 பிப்ரவரில அந்த லிஸ்டையே நிறுத்திட்டாங்க. இப்ப அந்த வரிக்கு என்ன அர்த்தம்? இம்பாக்ட் ஃபேக்டர்ங்கிறது ஒரு ஜர்னல் கட்டுரைங்கள சராசரியா எத்தனை தடவை மேற்கோள் காட்டுறாங்கங்கிற கணக்கு, அத வச்சு தனி ஆளை எடை போடக் கூடாதுனு 2012லயே சான் ஃப்ரான்சிஸ்கோல உருவான டோரா பிரகடனம் சொல்லிடுச்சு. ஒருத்தரோட கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் வாங்குதுனு எண்ணுற ஹெச்-இண்டெக்ஸ் 2005ல வந்தது, பாடத்துக்கு பாடம், வயசுக்கு வயசு மாறும். "சமர்ப்பிக்கிற மூணு சிறந்த கட்டுரைகள கமிட்டி படிச்சு எழுத்துல கருத்து சொல்லும்"னு எழுதுங்க. வேலை அதிகம்தான், ஆனா சக ஆசிரியரோட வாழ்க்கைய முடிவு பண்றப்ப அவர் எழுதினத படிக்கிற அளவுக்காவது மெனக்கெடணும்.

வெண்பலகை:
ஒரு சந்தேகம். புது பாலிசில "சக ஊழியர்களுடன் இணக்கம்"னு நாலாவது அளவுகோல் சேர்த்திருக்காங்க. டீச்சிங், ரிசர்ச், நிர்வாகம் மூணோட சமமா. இது எங்க போய் முடியும்னு பயமா இருக்கு.

நுண்கணிதம்:
பயம் நியாயமானதுதான். கூட்டத்துல எதிர்த்துப் பேசுறவங்க எல்லாம் இணக்கம் இல்லாதவங்கனு ஆயிடும்.

முன்னாள்_தலைவர்:
நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். ஜூனியர்ஸ மிரட்டுறவர், பொது வேலைல தலை காட்டாதவர்னு எல்லா துறைலயும் உண்டு, அவங்களால மத்தவங்க படுற பாட்ட நான் கண்ணால பார்த்திருக்கேன், அதுக்கு எந்த ஃபைல்லயும் இடமே இல்லங்கிறதும் அநியாயம்தான்.

பழைய_செயலர்:
ரெண்டு பேரும் சொல்றதுல உண்மை இருக்கு. 1999ல அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் இதப் பத்தி தனியா அறிக்கை விட்டுச்சு, இணக்கத்த தனி அளவுகோலா வைக்காதீங்க, ஒருத்தர் ஒத்துழைக்கலேன்னா அது டீச்சிங்லயோ ரிசர்ச்லயோ பொது வேலைலயோ தெரியும், அங்கயே எழுதுங்கனு. "வினாத்தாள் சரிபார்க்கிற வேலைய தொடர்ந்து மறுத்தார்"னு எழுதுறது வேற, "பழக கடினமானவர்"னு எழுதுறது வேற. முதல்ல சொன்னதுக்கு அவர் பதில் சொல்லலாம், ரெண்டாவதுக்கு என்னனு பதில் சொல்வார்? பாலிசில இருக்கிறதால உங்களால நீக்க முடியாது, ஆனா "எழுத்துல பதிவான, தேதியோட கூடிய சம்பவம் இல்லாம இந்த அளவுகோல்ல குறைச்சு மதிப்பிடக் கூடாது"னு துறை விதில சேர்க்கலாம். மிரட்டுறவர் மேல புகார் இருந்தா அதுக்கு ஒழுங்கு நடவடிக்கைனு தனி வழி இருக்கு, ப்ரமோஷன் ஃபைல்ல நைசா நுழைக்க வேண்டாம்.

வெண்பலகை:
எல்லாத்தையும் சேர்த்து ஒரு வரைவு எழுதியிருக்கேன், ஓட்டை இருந்தா சொல்லுங்க.

"இத்திருத்தம் நடைமுறைக்கு வரும் நாளில் துறையில் பணியில் உள்ள ஆசிரியர், தம் அடுத்த பதவி உயர்வு மதிப்பீட்டுக்குப் பழைய விதியையோ புதிய விதியையோ தேர்ந்தெடுக்கலாம். தேர்வை எழுத்தில் தலைவரிடம் அளிக்க வேண்டும். தேர்வு அளிக்காதவர்களுக்குப் புதிய விதி பொருந்தும்."

கல்வெட்டு:
கடைசி வரிய திருப்பிப் போடுங்க. தேர்வு அளிக்காதவங்களுக்கு பழைய விதினு இருக்கணும். லீவுல இருக்கிறவர், சர்குலர் பார்க்காதவர், கேட்கவே தயங்குறவர், இவங்கதான் பாதுகாப்பு அதிகம் தேவைப்படுறவங்க. 2020 கொரோனா நேரத்துல பல யுனிவர்சிட்டி நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டு கெடுவ ஒரு வருஷம் தள்ளி வச்சாங்க, சில இடத்துல எல்லாருக்கும் தானா, சில இடத்துல விண்ணப்பிச்சாதான். விண்ணப்பிக்கணும்னா தலைவர் என்ன நினைப்பாரோனு பாதி பேர் கேட்கவே மாட்டாங்க.

நுண்கணிதம்:
தானா கிடைச்சாலும் விளைவ கவனிக்கணும். பிள்ளை பொறந்தா அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கெடு நீட்டிக்கிற பாலிசிய அமெரிக்க பொருளாதாரத் துறைகள்ல வச்சு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆண்கள் நிரந்தரப் பணி பெறுறது கூடி பெண்கள் பெறுறது கொறைஞ்சதா காட்டுச்சு. சமமா எழுதினா சமமா விழும்னு இல்ல. அதனால இந்த விதிய மூணு வருஷம் கழிச்சு துறை மறுபடி எடுத்துப் பார்க்கணும்னு ஒரு வரி சேருங்க.

ஒப்பந்த_ஆசிரியை:
"ஆசிரியர்"ங்கிற சொல்லுக்கு விளக்கம் எங்க? நாங்க அதுல வர்றோமா?

வெண்பலகை:
வர்றீங்க மேடம், எழுதியே சேர்க்கிறேன். "ஒப்பந்தப் பணியில் உள்ளோர் உட்பட", புதுப்பிப்பு மதிப்பீட்டுக்கும் பொருந்தும்னு. பாடத்திட்ட விஷயத்துல உங்களுக்கு ஓட்டுங்கிறத தனித் தீர்மானமா நானே கொண்டு வரேன், ரெண்டையும் ஒண்ணா போட்டா ஒண்ணுக்காக இன்னொண்ணு தோத்துடும்.

பழைய_செயலர்:
நல்ல முடிவு. நடைமுறைய மட்டும் பிசகாம பண்ணுங்க. உங்க விதில திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்புனு இருக்கோ அதுக்கு ஒரு நாள் கூட கொறையக் கூடாது. திருத்தம் நிறைவேற மூணுல ரெண்டு பங்கு ஓட்டுனா கூட்டத்துக்கு வந்தவங்கள்லயா, மொத்த உறுப்பினர்லயானு முன்னாடியே பாருங்க, நல்ல திருத்தங்க எல்லாம் இந்த ஒரு சந்தேகத்துலதான் அடிபடும். அந்த ரெண்டு பேரும் தங்களுக்கே பொருந்துற விதில ஓட்டு போடலாமானு யாராவது கேள்வி கேட்பாங்க. பொதுவான விதிங்கிறதால போடலாம், தனி நபர் ஃபைல்னாதான் விலகணும், இத நிகழ்ச்சிக் குறிப்புல பதிய வைங்க.

மேல அனுப்புறப்ப 1997 யுனெஸ்கோ பரிந்துரைய மேற்கோள் காட்டுங்க. உயர்கல்வி ஆசிரியர்கள மதிப்பிடுறது சக கல்வியாளர்கள் பார்வைல கல்வி சார்ந்த அளவுகோல மட்டும் வச்சு இருக்கணும், அநியாயம்னு பட்டா நடுநிலையான அமைப்புகிட்ட மேல்முறையீடு செய்ற உரிமை வேணும்னு அதுல இருக்கு. அது யாரையும் கட்டுப்படுத்துற சட்டம் இல்ல, ஆனா உங்க கோரிக்கை துறையோட தனிப்பட்ட ஆசை இல்லனு காட்டும்.

வெண்பலகை:
கூட்ட அறிவிப்பு போட்டாச்சு, வரைவையும் வரி வரியா பிரிச்ச பட்டியலையும் இணைச்சிருக்கேன். கான்ட்ராக்ட்ல இருக்கிற எல்லாருக்கும் அழைப்பு போயிருக்கு. டீன் ஆபீஸ்லேர்ந்து இப்பவே போன் வந்துச்சு, திருத்தம் எதுக்கு, மாதிரி விதி அனுப்புறோமேனு. துறைல பேசிட்டு அனுப்புறோம்னு சொல்லிட்டேன்.

பழைய_செயலர்:
போன்ல சொன்னத அப்படியே விட்டுடாதீங்க. "இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி"னு ஆரம்பிச்சு இன்னைக்கே ஒரு மெயில் போட்டுடுங்க, மாதிரி விதி கட்டாயமா, பரிந்துரையானு எழுத்துல கேளுங்க. பதில் வந்ததும் இங்க போடுங்க, அத வச்சு மிச்சத்த பார்ப்போம்.